பனை மரத்தடியில் பனிப்பிளவு: கடற்கரைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் தீவில் ஒரு பர்வதம் உண்டு. கந்தமாதன பர்வதம். ராமேஸ்வரம் வருகிற யாத்திரிகர்கள் ஆட்டோ பிடித்துப் போய், படியேறி, ராமர் பாதத்தைக் கும்பிட்டு, மேலே நின்று கடலையும் டிவி கோபுரத்தையும் பார்த்துவிட்டு இறங்குவார்கள். தீவிலேயே உயரமான இடம் அதுதான். உள்ளதைச் சொன்னால் அது ஒரு மணல்மேடு. அதைவிட உயரமான பர்வதம் எதிலும் கால் வைக்காமல் இருபத்தைந்து வயது வரை வளர்ந்தவன் நான்.

பிறகு மலைக் கிறுக்குப் பிடித்து, இமயமலைப் பக்கம் ஒரு அடிப்படைப் பயிற்சியில் சேர்ந்தேன். அங்கே ஒருநாள் பனியாற்றின் மேல் ஐந்து பேர் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு நடந்தோம். நான் இரண்டாவது ஆள். முன்னால் போனவன் வங்காளத்துப் பையன். காலை பத்து மணி இருக்கும். நடந்துகொண்டே இருந்தான், திடீரென்று ஆளைக் காணோம். பெரிய சத்தம்கூட இல்லை. ஈர மணலில் மூட்டையைப் போட்டதுபோல ஒரு ‘தொப்’. பனி மூடியிருந்த பிளவுக்குள் விழுந்திருந்தான்.

அப்போது என் கையில் இரண்டு சுருள் கயிறு இருந்தது. படகில் நிற்கிறவன் கயிற்றைச் சுருளாகக் கையில் வைத்திருப்பான்; கரை அணையும்போது வீச வேண்டுமே. சின்ன வயதிலிருந்து சித்தப்பாவின் நாட்டுப்படகில் பழகிய கை, யாரும் சொல்லாமலே சுருள் போட்டுக்கொண்டது. அந்த இரண்டு சுருளும் விரிந்து முடிகிற வரை பையன் விழுந்துகொண்டே இருந்தான். இரண்டு மீட்டராவது கூடுதலாகப் போயிருப்பான். அந்த வேகத்தில் கயிறு என் இடுப்பை வெட்டி இழுத்து, முகம் குப்புறத் தள்ளியது. எனக்குப் பின்னால் வந்த மூன்றாவது ஆள் ஐஸ் ஆக்ஸை, அதாவது பனிக்கோடரியை, குத்திப் படுத்துக்கொண்டதால்தான் நின்றோம். பையனுக்கு முழங்கை விலகிவிட்டது. எனக்கு உதடு கிழிந்தது.

பயிற்சியாளர் திட்டவில்லை. “கயிறு ஏன் கையில் இருந்தது?” என்று மட்டும் கேட்டார்.

கடற்கரைக்காரனுக்கு மலையில் பாதிப் பழக்கம் கைகொடுக்கும், மீதிப் பாதி ஆளைக் கவிழ்க்கும். எது எந்தப் பாதி என்று பிரித்துச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பக்கத்து விருதுநகர் மாவட்டத்தில் பிறந்த முத்தமிழ்ச்செல்வி 2023 மே மாதம் எவரெஸ்ட் ஏறினதிலிருந்து, மண்டபம், கீழக்கரை, தொண்டிப் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் கேட்கிறார்கள். பயிற்சிக்குப் போகும் முன் படித்துக்கொள்வதற்காக எழுதியது இது. இதைப் படித்த தைரியத்தில் நேராகப் பனியாற்றில் இறங்கிவிடாதீர்கள்.

பிளவு எங்கே இருக்கும்?

பனியாறு என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். அது நிஜமாகவே ஓடுகிறது. சில இடங்களில் நாளுக்குச் சில சென்டிமீட்டர். எவரெஸ்ட் அடிவாரத்துக் கும்பு பனியருவி மாதிரிச் செங்குத்தான இடத்தில் நாளுக்கு ஒரு மீட்டர் வரை. பனிக்கட்டியின் அடிப்பாகம் மேலிருக்கிற பாரத்தில் பாகுபோல வளைந்துகொடுக்கும். மேல்பாகம், ஏறக்குறைய முப்பது நாற்பது மீட்டர் ஆழத்துக்கு, வளையாது, வெடிக்கும். வீட்டில் கடலைமிட்டாய் போடும்போது பார்த்திருப்பீர்கள். ஒரே பாகுதான். சூட்டில் இழுத்தால் நீளும், ஆறியபின் வளைத்தால் ‘டக்’கென்று உடையும். அந்த உடைப்புதான் பனிப்பிளவு. முகாமில் எல்லோரும் க்ரெவாஸ் என்பார்கள், கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

உடைவதற்கு ஒரு கணக்கு உண்டு. பனிக்கட்டி எங்கே இழுபடுகிறதோ அங்கே உடையும். அடியில் பாறை மேடாக இருந்து ஆறு அதன்மேல் குப்புறக் கவிழ்ந்து இறங்குகிற இடத்தில் குறுக்கே பிளக்கும். வளைவில் வெளிப்பக்கம் இழுபட்டுப் பிளக்கும். ஓரங்களில் பாறைச் சுவர் பிடித்து நிறுத்த, நடுப்பகுதி முந்தி ஓடுவதால் சாய்வாகப் பிளக்கும். பள்ளத்தாக்கு அகலமாகிற இடத்தில் நீளவாக்கில் பிளக்கும். ஆற்றின் தலைமாட்டில், மலையோடு ஒட்டிய பனியும் ஓடத் தொடங்கிய பனியும் பிரிகிற இடத்தில் ஒரு பெரும்பிளவு இருக்கும். பெர்க்‌ஷ்ருண்ட் என்று அதற்குத் தனிப்பெயரே உண்டு. உச்சிக்குப் போகிற பல வழிகளில் கடைசி வில்லங்கம் அதுதான். ஆகவே வரைபடத்தில் பனியாறு எங்கே வளைகிறது, எங்கே சரிவு கூடுகிறது என்று முந்தின இரவே பென்சிலால் குறித்துவைத்தால், மறுநாள் எங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு நடக்கவேண்டும் என்பது பாதி தெரிந்துவிடும்.

கண்ணுக்குத் தெரிகிற பிளவு அவ்வளவு ஆபத்தில்லை. அகலம் பார்க்கலாம், சுற்றிப் போகலாம், பயந்தால் திரும்பி வரலாம். ஆளை விழுங்குவது மூடிய பிளவு. குளிர்காலப் பனி காற்றில் அடித்துவந்து பிளவின் இரு உதடுகளிலும் படிந்து, கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு, நடுவில் சேர்ந்து கூரை போட்டுவிடும். ஸ்நோ பிரிட்ஜ் என்று பெயர். பாலம் என்கிறார்களே என்று நம்பிவிடாதீர்கள். நம் பழைய பாம்பன் பாலத்தை 1914-ல் ஆள் கணக்குப் போட்டுக் கட்டினான். இதற்குக் கணக்குப் போட்டவர் யாரும் இல்லை.

மூடிய பிளவு எப்படி இருக்கும் என்று நம் ஊர்க்காரருக்குச் சொல்வது சுலபம். தனுஷ்கோடிக்கு ரோடு போடுவதற்கு முன்னால் வேன்தான் போகும். கடலோரம் மேலே மணல் காய்ந்து வெள்ளையாகப் பப்படம்போல இருக்கும், அடியில் சொதசொதவென்று சேறு. வெளியூர்க்காரன் கார் அதில் இறங்கினால் அச்சு வரை புதைந்துவிடும். வேன்காரர்கள் மட்டும் எப்படியோ போய் வந்தார்கள். நிறம் லேசாக மங்கியிருக்கிறதா, மேற்பரப்பு ஒரு விரற்கடை தாழ்ந்திருக்கிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்த்தே ஓட்டுவார்கள். பனிமேலும் அதே பார்வைதான் வேண்டும். லேசாகக் குழிந்த ஒரு நீளக் கோடு, கொஞ்சம் மங்கலான நிறம், பக்கத்துப் பனியோடு ஒட்டாத சொரசொரப்பு. காலை வெயில் சாய்வாக விழும்போது இந்தக் குழிவு நிழல் கட்டித் தெரியும். உச்சிவெயிலில் எல்லாம் ஒரே வெள்ளை. ஓரத்தில் திறந்த பிளவு ஒன்று தெரிந்தால், அது உங்கள் பாதையை நோக்கி எந்தத் திசையில் வருகிறது என்று பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற இடத்தோடு அது நின்றுவிடாது.

இன்னொரு வகையும் உண்டு. கங்கை புறப்படுகிற கோமுகத்துக்கு மேலே கங்கோத்ரி பனியாற்றின் கீழ்ப்பகுதி முழுக்கக் கல்லும் மண்ணும் மூடிக் கிடக்கும். ராமேஸ்வரத்தில் அபிஷேகம் செய்யக் கங்கை நீர் எடுத்துவரப் போகிற நம் ஆட்கள், கோமுகம் பார்த்ததோடு திரும்பாமல் அதற்கு மேலுள்ள தபோவனம் வரை ஆசைப்பட்டால், அந்தக் கல்மூட்டத்தைத் தாண்டவேண்டி வரலாம். மேலே கல் கிடப்பதால் அது தரை என்று தோன்றும். தரை இல்லை, கல்லுக்கு அடியில் பனிக்கட்டி, பனிக்கட்டியில் பிளவு. வழிகாட்டி இல்லாமல் அதில் காலை வைக்காதீர்கள். அதேபோல ‘ட்ரெக்’ என்று விளம்பரப்படுத்துகிற சில வழிகள், காலிந்தி கால் என்கிற கணவாய் ஓர் உதாரணம், நிஜத்தில் பிளவு நிறைந்த பனியாற்று வழிகள். மணாலிப் பக்கம் ஃபிரெண்ட்ஷிப் சிகரம் 5,289 மீட்டர்தான், புதியவர்கள் கூட்டமாகப் போகிறார்கள். அங்கும் பிளவு உண்டு. பணம் கட்டும் முன் “கயிறு கட்டி நடக்கிற இடம் இருக்கா? ஒரு கயிற்றில் எத்தனை பேர்?” என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அங்கே பணம் கட்டாதீர்கள்.

ஊரில் செய்யவேண்டியது

முதலில் முறையான பயிற்சிக்குப் பதிந்துவிடுங்கள். டார்ஜிலிங்கில் 1954-ல் தொடங்கிய இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனம், உத்தரகாசியில் 1965-ல் தொடங்கிய நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனம், மணாலியில் உள்ள நிறுவனம் என்று அரசு சார்ந்தவை இருக்கின்றன. அடிப்படைப் பயிற்சி ஏறக்குறைய நான்கு வாரம். இடம் கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம். அந்த மாதங்களை வீணாக்காமல் கடற்கரையில் செய்யக்கூடியவைதான் இனி வருபவை.

முடிச்சு. எட்டு முடிச்சு, நடுக்கயிற்றில் போடுகிற பட்டர்ஃபிளை முடிச்சு, க்ளோவ் ஹிட்ச், ப்ருசிக். இந்த நான்கும் போதும். படகில் நங்கூரக் கயிறு கட்டிப் பழகியவர்களுக்கு க்ளோவ் ஹிட்ச் ஏற்கெனவே விரலில் இருக்கும், பெயர்தான் புதிது. ப்ருசிக் மட்டும் கொஞ்சம் வேடிக்கையானது. பெரிய கயிற்றின்மேல் ஆறு மில்லிமீட்டர் சிறு கயிற்று வளையத்தை மூன்று சுற்றுச் சுற்றி உள்ளே விட்டு இழுக்கவேண்டும். பாரம் விழுந்தால் பிடித்துக்கொள்ளும், தளர்த்தினால் நகரும். கார்ல் ப்ருசிக் என்ற ஆஸ்திரியாக்காரர் 1931-ல் சொன்னது. பிளவுக்குள் தொங்குகிறவன் இரண்டு ப்ருசிக்கை வைத்துக்கொண்டு கயிற்றிலேயே ஏறி வெளியே வந்துவிடலாம். ஒன்று இடுப்புக்கு, ஒன்று காலுக்கு. பனையேறுகிறவர் தளைநார் போட்டுக் காலை மாற்றி மாற்றி ஏறுகிற அதே தாளம். ஆனால் உறைந்த கயிற்றில் மூன்று சுற்று வழுக்கும், நான்கு ஐந்து போடவேண்டியிருக்கும்.

முடிச்சைக் கண்ணைக் கட்டிக்கொண்டு, தடித்த கையுறை போட்டுக்கொண்டு, கையை ஐஸ் தண்ணீர் வாளியில் ஒரு நிமிடம் முக்கி எடுத்துப் போட்டுப் பாருங்கள். மீன் ஏலக்கூடத்தில் ஐஸுக்கா பஞ்சம்? முதல்முறை நான் எட்டு முடிச்சுக்கு நாலு நிமிடம் எடுத்துக்கொண்டேன். அதுவும் தப்பாக.

கயிறு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. படகுக் கயிறு முடிச்சுப் பழகத்தான். அதில் ஆள் தொங்கக்கூடாது. மிதக்கிற அந்த பிளாஸ்டிக் கயிறு இழுபட்டு அதிர்ச்சி வாங்காது, உராய்ந்தால் சீக்கிரம் உருகும். மலையேற்றக் கயிறு நைலான். விழும்போது நீண்டு வேகத்தைக் குடிப்பதற்கென்றே பின்னியது. அப்படியென்றால் நல்ல மலைக்கயிற்றைக் கடற்கரைக்குக் கொண்டுபோகலாமா? அதுவும் கூடாது. மணல் துகள் உள்ளே புகுந்து இழையை அறுக்கும். ஓய்வு கொடுத்த பழைய மலைக்கயிறு கிடைத்தால் அதை வைத்து நடக்கப் பழகுங்கள்.

நங்கூரம். இதுதான் நம் ஆட்களுக்குக் கைவந்த பாடம். பனியில் கயிற்றைக் கட்ட மரமோ கல்லோ கிடையாது. ஐஸ் ஆக்ஸையோ, ஸ்நோ பிக்கெட் என்கிற அலுமினியக் கம்பியையோ படுக்கவைத்துப் புதைத்துத்தான் கட்டவேண்டும். ஈர மணலில் அப்படியே செய்து பார்க்கலாம். பாரம் இழுக்கப்போகிற திசைக்குக் குறுக்காக முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டுங்கள். குழியின் முன்சுவர், அதாவது இழுக்கிற பக்கத்துச் சுவர், கொஞ்சம் உட்சாய்வாக, உடையாமல் இருக்கவேண்டும். அங்கே காலை வைத்து மிதித்துவிட்டால் திரும்ப வேறிடத்தில் வெட்டவேண்டியதுதான். மணல் நிரப்பிய சாக்கையோ கட்டையையோ படுக்கையாக வைத்து, அதன் நடுவில் கட்டிய கயிறு வெளியே வர, இழுக்கிற திசையில் ஒரு குறுகிய வாய்க்கால் வெட்டுங்கள். ரகசியமே இந்த வாய்க்காலில்தான். அது ஆழத்திலிருந்து மெதுவாகச் சரிந்து மேலே வரவேண்டும். செங்குத்தாக வந்தால் கயிறு சாக்கை மேல்நோக்கித் தூக்கிப் பிடுங்கிவிடும். சரிவாக வந்தால் இழுக்க இழுக்க சாக்கு முன்சுவரில் அழுந்தி இன்னும் இறுகும். மூடி மிதித்துவிட்டு நான்கைந்து பேர் இழுத்துப் பாருங்கள்.

நான் முதல்முறை பாம்பன் தென்கடல் ஓரம் இதைச் செய்துகொண்டிருந்தபோது சித்தப்பா வந்து நின்று பார்த்தார்.

“என்னடா பண்றே?”

“நங்கூரம் சித்தப்பா. பனியில இப்படித்தான் கட்டணுமாம்.”

“இதைப் படிக்கவா அவ்வளவு தூரம் போனே? கட்டையைப் புதைச்சு வள்ளத்தைக் கட்டுறது உங்க தாத்தா காலத்து வேலை.”

சரிதான். ஆனால் அவர் புதைத்த கட்டையைப் பிறகு பார்த்தேன். என்னுடையதைவிட ஒரு சாண் ஆழம் கூடுதல். அன்றிலிருந்து நானும் ஒரு சாண் கூட்டித்தான் வெட்டுகிறேன்.

பழகி முடித்ததும் குழியை மூடிவிடுங்கள். ஆமைக்குஞ்சு பொரித்துக் கடலுக்குப் போகிற பருவத்தில், நாம் விட்ட முழங்கால் குழி அதற்கு மீளமுடியாத பிளவு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் எதிலும் போய்ப் பயிற்சி வைக்காதீர்கள். அது கடல் தேசியப் பூங்கா, அனுமதியில்லாமல் இறங்கக்கூடாது. சொந்த ஊர்க் கரை போதும்.

ஏணி. பெரிய பிளவுகளில் அலுமினிய ஏணியைப் படுக்கப்போட்டுக் கடப்பார்கள். கும்பு பனியருவியில் ஒவ்வொரு பருவமும் ஷெர்ப்பாக்கள் இதற்கென்றே வழி போடுகிறார்கள். பிளவு அகலமானால் ஒரு ஏணியோடு இன்னொன்றைக் கயிற்றால் கட்டி நீட்டுவார்கள். இரண்டு பனந்துண்டின்மேல் ஏணியைப் படுக்கவைத்து ஒரு முழ உயரத்தில் நடந்து பழகலாம். பூட்ஸில் மாட்டுகிற க்ராம்பானின் முன்முட்கள் ஒரு கம்பிக்கு அந்தப்பக்கமும் பின்முட்கள் அடுத்த கம்பிக்கு இந்தப்பக்கமும் உட்காருகிற மாதிரி அடி வைக்கவேண்டும். இரு கைகளிலும் பக்கக் கயிறு. அந்தக் கயிற்றை எதிர்க்கரையில் நிற்கிறவர்கள் விறைப்பாகப் பிடிக்கவேண்டும். பார்வை ஏணிக்கம்பியில் இருக்கட்டும். கம்பிக்கு நடுவில் தெரிகிற நீலத்தைப் பார்க்காதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். எல்லோரும் பார்ப்போம்.

உடம்பைப் பற்றிச் சுருக்கமாக. நாம் கடல்மட்டத்துப் பிறவி. மூவாயிரம் மீட்டருக்கு மேல் போனபின், இரவு தூங்குகிற உயரத்தை நாளுக்கு ஐந்நூறு மீட்டருக்குமேல் கூட்டாதீர்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் தங்குங்கள். தலைவலியோடு கயிற்றில் கட்டிக்கொள்கிறவன் மற்ற நாலு பேருக்கும் ஆபத்து.

பனியாற்றின் மேல்

திறந்த பனிக்கட்டி முடிந்து பனி மூடிய பகுதி தொடங்குகிற இடத்தில், தொடங்குவதற்கு முன்பே, கயிறு கட்டுங்கள். “இன்னும் கொஞ்ச தூரம் போய்க் கட்டிக்கலாம்” என்கிற அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் ஆட்கள் போயிருக்கிறார்கள். அனுபவம் இதில் காப்பாற்றாது. 1950-ல் அன்னபூர்ணா உச்சியில், அதாவது எட்டாயிரம் மீட்டர் சிகரம் ஒன்றில், முதன்முதலாக நின்ற இருவரில் ஒருவர் லூயி லாஷனல். அவர் 1955-ல் ஆல்ப்ஸில், தான் வாழ்ந்த ஊர் மலையில் பனிச்சறுக்கில் போகும்போது பிளவில் விழுந்து இறந்தார். இத்தாலிய மலையேறி ரைன்ஹோல்ட் மெஸ்னர் 1980-ல் தனியாளாக எவரெஸ்ட் ஏறும்போது இருட்டில் பனிப்பாலம் உடைந்து உள்ளே விழுந்தார். ஒரு சிறு திட்டில் தங்கி, எப்படியோ வழி கண்டு வெளியே வந்தார். மெஸ்னர் தனியாகப் போனார் என்று நீங்களும் போகாதீர்கள். இரண்டு பேர் கயிறும் புதியவர்களுக்கு வேண்டாம். ஒருவர் விழுந்தால் மற்றவர் ஒற்றையாளாக அவரைத் தாங்கிக்கொண்டே நங்கூரமும் போடவேண்டும். குறைந்தது மூன்று, முடிந்தால் நான்கு ஐந்து.

மூன்று பேர் என்றால் இருவருக்கு நடுவே 12 முதல் 15 மீட்டர், நான்கைந்து பேர் என்றால் 8 முதல் 10 மீட்டர் இடைவெளி. இடம் பார்த்துத் தலைவர் கூட்டிக் குறைப்பார். கயிறு இருவருக்கு நடுவே பனியை லேசாக உரசிக்கொண்டு போகவேண்டும். தொங்கவும் கூடாது, முன்னால் போகிறவரை இழுக்கவும் கூடாது. கையில் சுருள் கூடாது. இதை இரண்டுமுறை எழுதச்சொன்னாலும் எழுதுவேன். முன்னால் போகிறவர் நின்றால் நீங்களும் நில்லுங்கள். படம் எடுக்க, தண்ணீர் குடிக்க என்று எல்லோரும் ஒன்றாகக் கூடி நிற்காதீர்கள். ஐந்து பேரும் ஒரே பாலத்தின்மேல் நிற்கிறீர்களோ என்னவோ.

நேரம். மலையில் இருட்டோடு கிளம்பவேண்டும். நள்ளிரவு ஒன்று, இரண்டு மணி. இரவுக் குளிரில் பனிப்பாலம் இறுகிக் கிடக்கும். வெயில் ஏற ஏற இளகும். காலையில் ஐந்து பேரைச் சுமந்த அதே பாலம் மதியம் ஒருவரைச் சுமக்காது. அதனால்தான் திரும்பும் நேரத்தைப் போகும்போதே முடிவுசெய்கிறார்கள். உச்சி நூறு மீட்டரில் இருந்தாலும் நேரம் முடிந்தால் திரும்பவேண்டும். காற்று மாறினால் வலையைப் பாதியில் விட்டுவிட்டுக் கரை திரும்புகிற நம் ஆட்களுக்கு இதைப் புரியவைக்கத் தேவையில்லை. ஊரிலிருந்து காசு சேர்த்துப் போன பிள்ளைகளுக்குத்தான் சொல்லவேண்டியிருக்கிறது.

சந்தேகமான கோடு வந்தால் முதல் ஆள் ஐஸ் ஆக்ஸ் தண்டையோ நீளக் கம்பையோ குத்திப் பார்ப்பார். ஒரே சீராக எதிர்த்தால் சரி. குத்திக்கொண்டே போகும்போது திடீரென்று எதிர்ப்பு விட்டு ‘சொயக்’கென்று இறங்கினால் அடியில் வெறுமை. பிளவைக் கடக்கும்போது அதற்கு நேர்க்குறுக்காகக் கடக்கவேண்டும். பிளவுக்கு இணையாக நடந்தால் கயிற்றில் உள்ள எல்லோரும் ஒரே குழிமேல் நிற்பார்கள். முதல் ஆள் கடக்கையில் இரண்டாம் ஆள் கயிற்றை விறைப்பாக்கி, ஐஸ் ஆக்ஸோடு தயாராக நிற்கவேண்டும். சிறு பிளவைத் தாண்டிக் குதிக்கத் தோன்றும். உதட்டின் ஓரம் நாம் நினைக்கிற இடத்தில் இருக்காது, அடியில் குடைந்திருக்கும். சுற்றிப் போக வழியிருந்தால் அரை மணி நேரம் போனாலும் சுற்றிப் போங்கள்.

சாய்வில் பிளவு மட்டுமே பகையாக இருப்பதில்லை. 2022 அக்டோபர் 4 அன்று உத்தரகாண்டின் திரௌபதி கா டண்டா சிகரத்தில் பயிற்சிக் குழு ஒன்றைப் பனிச்சரிவு அடித்துக்கொண்டுபோய்ப் பிளவுக்குள் தள்ளியது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ஆண்டு மே மாதம்தான் எவரெஸ்டும் மகாலுவும் ஏறிய சவிதா கன்ஸ்வாலும் அதில் போனார். கடந்த இரண்டு மூன்று நாளில் புதுப்பனி எவ்வளவு விழுந்தது என்று கேட்காமல் சரிவுக்குக் கீழிருக்கும் பிளவுப் பக்கம் போகாதீர்கள்.

ஒருவர் விழுந்துவிட்டால்

கயிறு இழுபட்டவுடன் யோசிக்க நேரமில்லை. கீழே விழுந்து, ஐஸ் ஆக்ஸின் கூர்முனையைத் தோளுக்குப் பக்கத்தில் பனியில் குத்தி, உடம்புப் பாரத்தை அதன்மேல் போட்டு, கால்களை உதைத்து ஊன்றவேண்டும். இதை மணல்மேட்டில் கட்டையை வைத்துப் பழகுங்கள். ஐஸ் ஆக்ஸோடு பழகுவது பயிற்சியாளர் முன்னால் மட்டும். கயிறு நின்றதும் அடுத்த வேலை நங்கூரம். விழுந்தவருக்குப் பக்கத்தில் இருப்பவர் தாங்கிக்கொள்ள, பின்னாலிருப்பவர் முன்னே வந்து புதைத்துக் கட்டி, ப்ருசிக் மூலம் பாரத்தை மெதுவாக அதற்கு மாற்றவேண்டும். அதுவரை தாங்குகிறவர் எழுந்திருக்கவே கூடாது.

பிறகு ஒருவர், தன்னையும் கட்டிக்கொண்டு, விளிம்புக்குத் தவழ்ந்துபோய்க் கூப்பிடவேண்டும். பதில் வந்தால் பாதி பாரம் குறைந்த மாதிரி. ப்ருசிக்கில் அவரே ஏறிவிட முடியுமா என்று கேளுங்கள்; முடிந்தால் அதுதான் சுலபம். விளிம்பில் கயிறு வெட்டிக்கொண்டு உள்ளே இறங்கியிருக்கும். கயிற்றுக்கு அடியில் ஐஸ் ஆக்ஸ் தண்டையோ பையையோ செருகாமல் இழுத்தால் எத்தனை பேர் இழுத்தாலும் நகராது. செருகியதையும் தனியாகக் கட்டிவையுங்கள்; இல்லையென்றால் அது கீழிருப்பவர் தலையில் விழும்.

இழுப்பதற்கு மூன்றுக்கு ஒன்று கப்பி முறை. கயிற்றை இசட் எழுத்துப்போல மடித்து ஒரு கப்பி நங்கூரத்திலும் இன்னொன்று பாரக் கயிற்று ப்ருசிக்கிலும் வரும். மூன்று மீட்டர் கயிறு இழுத்தால் ஆள் ஒரு மீட்டர் மேலே வருவார். பாரமும் அந்த அளவுக்குக் குறையும், உராய்வு தின்றது போக. இங்கேதான் நம்முடைய இன்னொரு பழக்கம் ஆளைக் கவிழ்க்கும். கரைவலை இழுத்துப் பழகிய கூட்டம் கயிறு கையில் கிடைத்தால் அம்பா பாட்டுத் தாளத்தில் ‘ஏலேலோ’ என்று ஒரே மூச்சாக இழுக்கும். வலை என்றால் அது சரி. இங்கே விளிம்பின் அடியில் ஆள் தலை இடித்து மாட்டிக்கொண்டிருப்பார், மேலே இழுக்கிறவனுக்குத் தெரியாது. விலா எலும்பு நொறுங்கும். ஒருவர் விளிம்பில் இருந்து “இழு”, “நிறுத்து” என்று சொல்ல, அவர் சொல்லுக்குத்தான் கை அசையவேண்டும். கடைசி ஒரு மீட்டருக்குத்தான் அதிக நேரம் பிடிக்கும்.

விழுந்தது நீங்கள் என்றால், முதலில் குரல் கொடுங்கள். முதுகுப் பையைக் கழற்றி, இடுப்பில் கட்டியிருக்கிற ஹார்னஸ் பட்டையிலிருந்து கீழே தொங்கவிடுங்கள், அது உங்களைத் தலைகீழாக்கப் பார்க்கும். கையுறையையும் மேல்சட்டையையும் உடனே போடுங்கள். வெளியே வெயிலில் வேர்த்திருந்தாலும் உள்ளே ஐஸ்பெட்டி. ஹார்னஸில் அசையாமல் தொங்கினால் காலில் ரத்தம் கட்டி மயக்கம் வரும், எனவே ப்ருசிக் வளையத்தில் ஒரு காலை வைத்து எழுந்து எழுந்து நில்லுங்கள். ப்ருசிக் வளையங்கள் பைக்குள் கிடந்தால் பிரயோஜனமில்லை. கயிறு கட்டும்போதே அவற்றையும் கயிற்றில் போட்டுவைத்திருக்கவேண்டும். அந்த வங்காளத்துப் பையன் போட்டிருந்தான். ஒரு கை விலகியபிறகும் அவனால் கால் வளையத்தில் நிற்க முடிந்தது அதனால்தான்.

கடைசியாக, யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று. பனியாற்றின் மேலேயே கூடாரம் போடும் இரவுகள் வரும். தலைவர் கம்பால் குத்திப் பார்த்து, பத்திரமான இடத்தைச் சுற்றிக் கொடி நடுவார். நாள் முழுக்கக் கயிற்றில் ஒழுங்காக நடந்தவன் ராத்திரி ஒன்றுக்குப் போக, தூக்கக் கலக்கத்தில், கயிறும் இல்லாமல் விளக்கும் இல்லாமல் அந்தக் கொடியைத் தாண்டிப் போவான். போகாதீர்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, வாய் அகன்ற ஒரு லிட்டர் பாட்டில் ஒன்றைக் கூடாரத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். மூடியில் சிவப்பு டேப் ஒட்டிவிடுங்கள். இருட்டில் தண்ணீர் பாட்டில் என்று எடுத்துவிட்டால் பிறகு யாரிடமும் சொல்லமுடியாது.